தம்பி வருமுன் வந்த பாட்டு

என் புருஷன் இசையமைப்பாளராகி ஒன்றரை வருஷம் ஆகிறது. பிழைப்பு என்னவோ ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில்தான். யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று பார்க்கிற வேலை. ஊரார் நேரத்தையெல்லாம் பிடித்து வைக்கிற அந்த மனுஷனுக்குத் தாளம் மட்டும் ஏழு ஜென்மத்துக்கும் பிடிபடாது. மார்கழி பஜனையில் இவர் கைதட்ட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் நைசாகத் தள்ளிப் போய் நின்றுகொள்வார். தாலாட்டுப் பாடி, தூங்குகிற பிள்ளையை எழுப்பிய ஒரே தகப்பன் எனக்குத் தெரிந்து இவர்தான்.

அப்பேர்ப்பட்டவர் போனில் ஒரு ஆப் வந்து சேர்ந்தது. இன்னதைப் பற்றி, இன்ன மாதிரி என்று எழுதினால் போதுமாம். பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, வயலின், தவில், உறுமி எல்லாம் சேர்த்து, ஆண் குரலோ பெண் குரலோ கேட்டபடி கொடுத்து, காபி ஆறுவதற்குள் கையில் தந்துவிடுகிறது. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது பிய்த்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். ஊர் முழுக்க வாட்ஸப்பில் அனுப்பாது.

முதல் பாட்டு, எங்கள் வீட்டுக்கு வாங்கிய கிரைண்டருக்கு. 'சுழலும் கல்லே, என் சுகமே' என்று ஒரு பெண் உருகினாள் பாருங்கள், அவள் பிறந்ததிலிருந்து மாவு ஆட்டியதே இல்லை என்பது அந்த உருக்கத்திலேயே தெரிந்துபோயிற்று. அடுத்தது, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதற்கு. பிறகு மாம்பழ சீசனுக்கு, மில் மேஸ்திரியின் முழங்கால் ஆபரேஷனுக்கு, பக்கத்துத் தெருவில் போர் போட்டுத் தண்ணீர் வந்ததற்கு. முழங்கால் பாட்டில் தவில் விழுந்த அடியில் அந்த மேஸ்திரிக்கு இன்னொரு காலும் போயிருக்கும்.

"எப்படி இருக்குட்டி என் பாட்டு?" என்பார்.

"மெட்டு யாரு போட்டது?"

"நான்தான்."

"நீங்க எங்க போட்டிய?"

"நான்தானே டைப் அடிச்சேன்?"

"அப்ப ஓட்டல்ல உக்காந்து ரெண்டு தோசைன்னு சொல்லுதவன்லாம் மாஸ்டராக்கும்?"

உனக்குப் பொறாமை என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்.

எனக்கென்ன பொறாமை? ஆத்திரம்தான். அந்த மெஷினுக்குச் சொந்தமாக ஒரு பிடி அரிசி உண்டா? எவனெவனோ உயிரைக் கொடுத்துப் பாடி வைத்ததை, எவளெவளோ தொண்டை கட்டக் கட்டப் பழகியதை, கேட்காமல் கொள்ளாமல் அள்ளி விழுங்கி வைத்திருக்கிறது. இவர் அதிலிருந்து கரண்டி கரண்டியாக மோந்து ஊருக்கு ஊற்றுகிறார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று! அதற்கு எங்கள் சொந்தபந்தம் எல்லாரும் வாட்ஸப்பில் கைதட்டும் பொம்மையும் நெருப்புப் பொம்மையும் போடுகிறார்கள். சிலர் 'சினிமாவுக்குப் போகலாமே' என்றுகூட எழுதினார்கள். அன்று முழுக்க இவர் சட்டை காலரைத் தூக்கி விட்டுக்கொண்டே திரிந்தார்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். கல்யாணம் ஆனதிலிருந்து ராஜபாளையத்துக்கும் வில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் போய் வருகிறேன். வீட்டில்தான் இந்தக் கூத்து, பள்ளிக்கூடத்திலாவது பிழைத்தேன் என்று நினைத்திருந்தேன். இந்த வருஷம் ஆண்டுவிழாவுக்கு முன்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டார். "டீச்சர், இந்த வாட்டி நீங்க சிரமப்பட வேண்டாம். வரவேற்புப் பாட்டை ஆப்லயே எடுத்தாச்சு. பிள்ளைங்க வாயை அசைச்சாப் போதும்" என்றார்.

வாயசைக்க நான் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன். வேறென்ன செய்ய, சம்பளம் வாங்குகிறேனே! எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளை இருக்கிறாள். வாயைத் திறந்தால் அப்படி ஒரு சாரீரம். அவளையும் மேடையில் நிறுத்தி மீன் மாதிரி வாயைத் திறந்து மூட வைத்தோம். சிறப்பு விருந்தினராக வந்தவர் ஒரு டாக்டரம்மா. பாட்டோ 'ஐயா வருக, எங்கள் அண்ணல் வருக' என்று அடிவயிற்றிலிருந்து முழங்கியது. அந்தம்மா கும்பிட்டபடி நின்றார். கூட்டம் பலமாகக் கைதட்டியது. ஒருத்தருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. வார்த்தையைக் கேட்டிருந்தால்தானே வரும்? இந்த மெஷின் பாட்டு வந்த பிறகு, பாட்டு என்பது காதில் விழுகிற சத்தம் என்று ஆகிவிட்டது.

அதோடு போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். என் தம்பி வந்த அன்று நடந்ததுதான் இன்னும் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

எனக்கு ஒரே தம்பி. பிளஸ் டூ முடித்த கையோடு பட்டாளத்துக்குப் போனவன். எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை. தெருவுக்கு நாலு வீட்டில் பட்டாளம், நாலு வீட்டில் போலீஸ். அவன் போன நாளிலிருந்து அம்மா எப்படி இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அம்மா வீடு வில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துத் தெரு. வாசலில் ஜீப் நின்றால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுவாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள். அடிக்கிற போனைக் கையில் வைத்துக்கொண்டு அது ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் தேவதானம் பக்கத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன் எல்லையில் இறந்துபோனான். அம்மாவும் நானும் போயிருந்தோம். முதலில் அந்த வீட்டுக்கு 'லேசான காயம்' என்றுதான் போன் வந்ததாம். பிறகு 'கொஞ்சம் சீரியஸ்' என்று. கடைசியில் கொடி போர்த்திய பெட்டி வந்தது. ஆள் உயரத்துக்கு அவன் படம் போட்ட பிளெக்ஸ், அதில் செவ்வந்தி மாலை, ஒலிபெருக்கி கட்டிய ரேடியோ செட்டில் தேசபக்திப் பாட்டு. திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா, "நம்மகிட்டயும் முதல்ல மெதுவாத்தான் சொல்லுவாங்க" என்றாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தம்பி சர்வீஸ் முடித்து வரப்போகிறான் என்று செய்தி வந்தபோது, அவள் ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு நேரே எனக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டுச் சொல்லித்தார. உன் தம்பி வாசல்ல கால் வைக்கயில நீ ஒரு பாட்டுப் படிக்கணும். அவன் உசுரோட வந்துட்டான்னு என் காது கேக்கணும்."

அவள் தன் வாழ்நாளில் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். படிக்கிறேன் என்றேன்.

பாட்டை நானே கட்டினேன். வீரம், சிங்கம், புலி ஒன்றும் கிடையாது. அவன் கறுப்பு டிரங்குப் பெட்டி, குளிரில் வெடித்த உதடு, நின்று நின்று நரம்பு சுருண்ட கால், லீவில் வந்தால் சட்டையில் சாறு ஒழுக அவன் தின்கிற சப்பட்டை மாம்பழம், இவ்வளவுதான். மத்தியமாவதியில் மெட்டு. பஸ்ஸில் முணுமுணுத்து முணுமுணுத்துச் சரி செய்தேன். பக்கத்து சீட்டு அம்மா ஒருநாள், "நல்லாயிருக்கு, இன்னொரு தரம் படி தாயி" என்றார். நெருப்புப் பொம்மை எல்லாம் போடவில்லை அவர்.

இதற்குள் வரவேற்புக் கமிட்டி ஒன்று உருவாகிவிட்டது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற நாலு பேர். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்காரன் சர்வீஸ் முடித்து வந்தால் சும்மா ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட முடியாது. திறந்த ஜீப், கொட்டு, வெடி, பிளெக்ஸ், மூக்கை மறைக்கிற மாலை, எல்லாம் உண்டு. சந்தோஷம்தான், நான் குறை சொல்லவில்லை. அந்தக் கமிட்டிக்கு இசைப் பொறுப்பு யார் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டு மகாவித்துவான்தான்.

"நீ பாடுறதெல்லாம் கச்சேரிப் பாட்டு. ரேடியோ செட்டுக்கு எடுபடாது" என்றார்.

"எங்கம்மா என்னையத்தான் பாடச் சொல்லியிருக்கா."

"பாடு, யாரு வேண்டாம்னா? வாசல்ல வந்து இறங்குன பொறவு நீ செத்த நேரம் பாடு. அதுவரைக்கும் நம்ம பாட்டு ஓடட்டும். உன் தம்பி பேரு வச்சு ஒண்ணு எடுத்திருக்கேன். மயிர்க்கூச்செறியும்!"

"போடுங்க, கேப்போம்."

"ம்ஹூம். நீ குத்தம் சொல்லுவே. சஸ்பென்ஸ்."

குடும்ப குரூப்பில் மட்டும் டீசர் என்று அரை நிமிஷம் போட்டார். அதை நானும் கேட்டேன். நூறு பேர் கோரஸாக 'வாரான் வாரான் எங்க சிங்கம் வாரான்' என்று கத்தினார்கள், அதற்குள் நின்றுவிட்டது. குரூப்பே தீப்பிடித்தது. தம்பியே வெட்கப்பட்டு ஒரு கும்பிடு அனுப்பினான். சரி, தொலையட்டும், கத்திவிட்டுப் போகட்டும், கடைசியில் என் பாட்டு இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அவன் வருகிற அன்று காலையில் தெருவே களைகட்டியிருந்தது. வாசலுக்கு நேர் எதிரே தம்பியின் பிளெக்ஸ், ஆளைவிடப் பெரிசாக, மூவர்ணக் கொடி பின்னணியில். பெரியப்பா மகன் ஒருவனுக்கு ஆசை தாங்கவில்லை; ரயில்வே ஸ்டேஷனில் தம்பிக்குப் போட வாங்கிய மாலையில் ஒன்று மிச்சம் என்று அதைப் பிளெக்ஸில் இருந்த படத்துக்கு மாட்டிவிட்டான். உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போடுவார்களா? கூறுகெட்டவனே, கழற்றுலே என்று கத்தினேன். "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு அவன் ஜீப்பில் ஏறிக்கொண்டான். அம்மாவோடு இருந்த தம்பி பெண்டாட்டியும் பிள்ளையும் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள். என் புருஷன் ரேடியோ செட்டுக்காரரிடம் பென் டிரைவைக் கொடுத்து, "ரயில் வார நேரத்துக்குப் போட்டுவிடுங்க, நாங்க வாரவரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். எனக்கு எட்டாத உயரத்தில் தொங்கிய அந்த மாலையைப் பார்த்தபடி நான் நின்றேன்.

ரயில் வரவில்லை என்று ஸ்டேஷனிலிருந்து இவர் போன் போட்டார். லேட். தம்பி போன் விடியற்காலையிலிருந்து அணைந்து கிடந்தது. ரயில் பெட்டியில் சார்ஜ் போடுகிற பிளக் வேலை செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். "எங்கட்டி அவன்? போன் ஏன் போகமாட்டேங்கு?"

"ரயில் லேட்டும்மா. இப்ப வந்துருவான்."

நான் அந்த வார்த்தையைச் சொன்னதும் அம்மா முகம் மாறியது. லேட்டு என்றாள், மெதுவாக, தனக்குத் தானே. எனக்கு அப்போது விளங்கவில்லை.

அப்போதுதான் செட்டுக்காரர் பாட்டைப் போட்டார். 'வாரான் வாரான்' முடிந்தது. அடுத்த அடியில் அவன் மலை ஏறினான். அதற்கடுத்ததில் எதிரி வந்தான். தெருவில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், காபி குடித்துக்கொண்டிருந்தார்கள், காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மெட்டு இறங்கியது. கோரஸ் போய் ஒற்றைக் குரல் வந்தது. வயலின் அழுதது. என் தம்பி பேரைச் சொல்லி, எங்கள் ஊர்ப் பேரையும் சொல்லி, அந்தக் குரல் பாடியது:

'பனியிலே சாய்ந்தாயே, பால்முகம் மூடினாயே,
மூவர்ணக் கொடி போர்த்தித் தாய்மடிக்கு மீண்டாயே...'

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

அந்த மெஷின் மேலும் தப்பில்லை என்று பிற்பாடு எனக்கே தோன்றியது. அது விழுங்கி வைத்திருக்கிற பட்டாளத்துப் பாட்டு அத்தனையிலும் மூன்றாவது சரணத்தில் ஆள் செத்துவிடுகிறான். டிரங்குப் பெட்டியோடும் பென்ஷன் புத்தகத்தோடும் உயிரோடு வந்து இறங்குகிறவனைப் பற்றி எவன் பாட்டு எழுதினான், அது திருட? அதற்குத் தெரிந்த பட்டாளத்துக்காரன் செத்தவன் ஒருவன்தான். என் தம்பி கணக்கையும் அதே மாதிரி தீர்த்துவிட்டது.

அம்மா மட்டும் கேட்டாள். அத்தனை பேர் நின்ற தெருவில், வார்த்தையைக் கேட்ட காது அவள் காதுதான்.

"என்ன சொல்லுதான் அவன்? கொடி போர்த்தின்னு சொல்லுதானே?"

"அது சும்மா பாட்டும்மா!"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பிளெக்ஸைப் பார்த்தாள், அதில் மாலையைப் பார்த்தாள். "லேட்டுன்னு சொன்னியே. மெதுவா சொன்னியா எனக்கு?" என்றாள். தட்டு கையிலிருந்து விழுந்து, ஆரத்தித் தண்ணீர் படியெல்லாம் சிவப்பாக ஓடியது. அப்படியே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிட்டாள்.

'சப்பட்டை மாம்பழத்தைச்
சாக்குப் போட்டுப் பழுக்க வச்சேன்,
சாப்பிட நீ வாரலையே,
சாமி, நான் யாருக்கு நறுக்கித்தர?

போன வாரம் பேசயில
பொடிமாஸ் வையின்னு சொன்னியே,
அடுப்புல உலை கொதிக்கி,
ஐயா, நான் யாருக்கு இறக்கிவைக்க?'

அம்மாவுக்கு ஒப்பாரி தெரியும் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் அப்பா இறந்தபோதுகூட அவள் வாய் திறக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இது பழகின ஒப்பாரியே இல்லை. சுருதி எங்கோ போனது, பாதி வரியில் மூச்சு முட்டியது, பொடிமாஸ் என்று சொல்லும்போது குரல் கிழிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி அழுதால் தோளைக் கட்டிக்கொண்டு கூட அழ வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என்ன ஏது என்று கேட்காமலே இரண்டு பேர் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் ரேடியோ செட்டைப் பார்த்து ஓடினேன். செட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று யாருக்குத் தெரியும்? வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். என் தம்பியைக் கொன்ற அந்தக் குரல் பாதி வார்த்தையில் நின்றது. அதற்குப் பிறகு தெருவில் அம்மா குரல் மட்டும்தான் கேட்டது.

அழுகிறவளைப் பிடிக்க வந்த கைகளைவிட, போனைப் பிடித்துக்கொண்டிருந்த கைகள் அதிகம். வெளங்குமா இந்த ஜனம்!

அந்தச் சமயத்தில்தான் தெருமுனையில் வெடி வெடித்தது. கொட்டுச் சத்தத்தோடு ஜீப் திரும்பியது. அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டதும் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அவள் எதைப் பார்க்கப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும். அம்மா, அம்மா, வந்துட்டாம்மா, நல்லா இருக்காம்மா என்று நான் அவள் காதில் கத்துகிறேன், அவளுக்கு ஏறவேயில்லை.

தம்பி ஜீப்பிலிருந்து குதித்து, மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடி வந்தான். அவள் முன்னால் மண்டியிட்டு அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். "அம்மா, நான்தாம்மா. பாரும்மா." அம்மா கண்ணைத் திறக்காமலே அவன் மூக்கைத் தடவினாள், காதைத் தடவினாள், வெடித்த உதட்டைத் தடவினாள். பிறகு கண்ணைத் திறந்து ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"போனை எடுக்க என்னலே கேடு உனக்கு?"

அத்தனை வருஷம் சர்வீஸில் யாரிடமும் அடி வாங்காதவன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேனா, பயத்தில் அழுதேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

என் பாட்டை நான் பாடவில்லை. அவள் பாடி முடித்த வாசலில் நான் எதைப் பாட?

மத்தியானம் பந்தி முடிந்த பிறகு என் புருஷனைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டேன். "அந்தப் பாட்டை நீங்க முழுசாக் கேட்டியளா, இல்லையா?"

"நாலு தடவை கேட்டேன்ட்டி."

"கேட்டுமா?"

"நான் மியூசிக்கத்தான் கேட்டேன். வார்த்தையை யாரு கேக்கா?"

நாலு தடவை! என் தம்பி நாலு தடவை செத்திருக்கிறான், இவர் தலையை ஆட்டி ரசித்திருக்கிறார். அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் துளசிச் செடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மனுஷன் கெட்டவர் இல்லை. அம்மா மயங்கி விழாமல் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப் போனதும், எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து கொடுத்ததும் அவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் என் ஆத்திரத்துக்கு ஒரு இடமாவது கிடைத்திருக்கும்.

பாட்டு ஆசை அதோடு விட்டிருக்கும் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் இருந்தோம். அம்மா கீழே உட்கார்ந்து மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்தில் தட்டோடு. அவன் வந்ததிலிருந்து அவள் அவனைக் கைக்கெட்டுகிற தூரத்தைத் தாண்ட விடவில்லை. கடைக்குப் போனால்கூட, எம்புட்டு நேரம் ஆகும் என்று கேட்டுவிட்டுத்தான் விடுவாள். என் புருஷன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அத்தை, ஒண்ணு கேளுங்க. அன்னைக்கு நடந்ததுக்கு என்னால ஆன பரிகாரம்."

போனை அமுக்கினார்.

புல்லாங்குழல் வந்தது. பின்னால் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல், பாலில் தேன் ஊற்றின மாதிரி: 'சப்பட்டை மாம்பழத்தைச் சாக்குப் போட்டுப் பழுக்க வச்சேன்...'

எவனோ போனில் எடுத்த அம்மாவின் அழுகையை வாங்கி, இவர் அந்த மெஷினுக்குப் போட்டிருக்கிறார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது இதுதான். மெஷின் அவள் விக்கலை எடுத்துவிட்டது. மாரில் அடித்த சத்தத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மிருதங்கம் வைத்திருந்தது. கிழிந்த குரலைத் தைத்து, போன சுருதியை இழுத்து நேராக நிறுத்தியிருந்தது. பொடிமாஸ் என்ற சொல்லில் ஒரு அழகான சங்கதி விழுந்தது. பாட்டு டீச்சராகச் சொல்கிறேன், ஒரு குற்றம் சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தம்பி எழுந்து போனைப் பிடுங்கப் போனான். அம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். அன்று தான் பாடியதே அவளுக்கு நினைவில்லை. கேட்டால், நான் எங்கட்டி பாடுனேன், அழுதேன் என்பாள். கத்தியை முறத்தில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கடைசி வரைக்கும் கேட்டாள்; வார்த்தை வார்த்தையாக, அவள் எப்போதும் கேட்கிற மாதிரி. என் புருஷன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புல்லாங்குழல் ஓய்ந்தது.

"யாரு மாப்ள அது பாடுதது?" என்றாள் அம்மா. "குரலு நல்லாத்தான் இருக்கு. ஆனா செத்தது அவ பெத்த பிள்ளை இல்ல போல."

சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்து, தம்பி தட்டில் இன்னொரு துண்டு மாம்பழம் நறுக்கிப் போட்டாள்.